மாதவிடாய் நிற்கும் காலமும் பரம்பரைக் கொலஸ்ட்ரோலும்: வன்னிப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

மருத்துவ கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் மேசையில் வேலை செய்யும் தாதி நான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்கள், அதிலும் 40 முதல் 60 வயதுக்கு இடைப்பட்டவர்கள், இரத்தப் பரிசோதனைத் துண்டை நீட்டிக்கொண்டு கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வைத்தியருக்கு முன்னால் இருக்கும் சில நிமிடங்களில் அவற்றைக் கேட்க முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு எந்தக் குளிசை, எவ்வளவு என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கொலஸ்ட்ரோல் எண்டா சாப்பாட்டால வாறதுதானே? இதில பரம்பரை எங்க வந்தது?

இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி சாப்பாட்டில் இருந்து வருவதில்லை. உடம்பே, முக்கியமாக ஈரல், அதைச் செய்கிறது. எல்.டி.எல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்தில் இருந்து திரும்ப இழுத்து அகற்றுவதும் ஈரல்தான். அதற்கு ஈரல் கலங்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ளவருக்குத் தாயிடம் இருந்தோ தகப்பனிடம் இருந்தோ வந்த ஒரு மரபணு பழுது. அதனால் ஏற்பிகளில் ஏறத்தாழ பாதிதான் வேலை செய்யும். குளத்துக்கு வரும் தண்ணீர் எப்போதும் போல வருகிறது, துருசுதான் பாதி மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளில் இருந்தே மட்டம் உயர்ந்துதான் நிற்கும். உலக அளவில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது இருக்கிறது. அரிய வருத்தம் இல்லை. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதுதான் அதிகம்.

நான் மெல்லிசு. வயல் வேலையும் செய்யிறன். எனக்கு எப்பிடி 250?

மேலே சொன்ன ஏற்பிக் குறைபாட்டுக்கும் உடம்பின் பருமனுக்கும் தொடர்பு இல்லை. நாள் முழுக்க வயலில் நிற்கும் மெலிந்த பெண்ணுக்கும் எல்.டி.எல் 250 இருக்கலாம். பருமனான அவருடைய மச்சாளுக்கு 110 இருக்கலாம். வயல் வேலை இதயத்துக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் பழுதான மரபணுவை அது திருத்தாது.

எத்தனைக்கு மேல போனா பரம்பரை எண்டு நினைக்கிறது?

வளர்ந்த ஒருவருக்கு எல்.டி.எல் 190 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் கணக்கில் தருவார்கள், அதில் இது 4.9. துண்டில் மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் பார்க்காமல் எல்.டி.எல் என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

உடம்பிலும் அடையாளம் தெரியலாம். குதிக்காலுக்கு மேலே உள்ள தடித்த நாண் வழமையை விடப் பருத்திருப்பது, விரல் மொளிகளின் மேல் கட்டி, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், கண் இமையில் மஞ்சள் திட்டு. குதிக்கால் தடிப்பை நம் பெண்கள் “நாத்து நட்டு நட்டு வந்தது” என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அடையாளம் ஒன்றும் இல்லை என்பதால் வருத்தமும் இல்லை என்று ஆகாது. பலருக்கு எதுவும் தெரியாது.

மாதவிடாய் நிக்கேக்க கொலஸ்ட்ரோல் ஏன் கூடுது?

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன், ஈரலில் அந்த எல்.டி.எல் ஏற்பிகள் கூடுதலாக இருக்க உதவுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் இறங்க, ஏற்பிகளும் குறைகின்றன, எல்.டி.எல் ஏறுகிறது. அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று, இந்த ஏற்றம் வயதோடு மெல்ல மெல்ல வருவதில்லை, கடைசி மாதவிடாய்க்கு முந்திய ஒரு வருடமும் பிந்திய ஒரு வருடமுமாகச் சேர்ந்த காலத்தில்தான் சடாரென்று வருகிறது என்று காட்டியது. அளவு ஏறத்தாழ 10 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை.

பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ளவரிடம் ஏற்கெனவே பாதி ஏற்பிதான். அந்தப் பாதிக்கும் கிடைத்த உதவி போய்விடுகிறது. 110இல் இருந்தவர் 120க்குப் போவதும் 240இல் இருந்தவர் 265க்குப் போவதும் ஒன்றல்ல. இந்த வயதில் பிரஷர், சீனி, இடுப்புச் சுற்று, ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு ஆகியனவும் கூடவே ஏறத் தொடங்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

அப்ப நிக்கிற வரைக்கும் எனக்குப் பாதுகாப்புத்தானே? நிண்ட பிறகு குளிசை தொடங்கினால் காணாதோ?

காணாது. இந்தப் பக்கம் முழுவதையும் நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

பொதுவாகப் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களை விடப் பத்து வருடம் வரை பிந்தி வரும் என்பது உண்மை. பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ள பெண்ணுக்கும் தன் சகோதரனை விடச் சற்றுப் பிந்தித்தான் வரும். ஆனால் அந்தப் “பிந்தி” என்பது 70 வயது அல்ல. சிகிச்சை எடுக்காத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய இரத்தக் குழாய் வருத்தம் வந்துவிடுகிறது. சிகிச்சை எடுக்காத பெண்களில் மூன்று பேரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் வருகிறது. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. எவ்வளவு கூடியிருந்தது என்பதோடு எத்தனை வருடம் கூடியிருந்தது என்பதையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் நாளில் உங்கள் குழாய்கள் ஏற்கெனவே 50 வருடச் சுமையைத் தாங்கியிருக்கும்.

பெண்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம், பால் கொடுக்கும் காலம் என்று குளிசை போடாத வருடங்கள் ஆண்களுக்கு இல்லை. நாலு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அப்படி ஏழெட்டு வருடம் போயிருக்கும். அதனால் பெண்ணுக்கு நேரம் கிடக்கிறது என்ற எண்ணத்தை நான் எங்கே கேட்டாலும் மறுத்துச் சொல்வேன். 35 வயதில் தெரிந்தால் 35இல் தொடங்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலம் அளவை மீண்டும் பார்த்துக் கூட்டிக் குறைக்கிற காலம், தொடங்குகிற காலம் அல்ல.

எனக்கு 41 வயசிலயே நிண்டு போச்சு. கருப்பையும் எடுத்தாச்சு எண்டா?

12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று சொல்வோம். வழமையாக அது 50 வயதை அண்டி நடக்கும். 45க்கு முன்னர் நின்றால் முந்தியது, 40க்கு முன்னர் என்றால் மிக முந்தியது. முந்தி நின்றவர்களுக்கு இதய வருத்தத்தின் வாய்ப்புக் கூடுதல். பரம்பரைக் கொலஸ்ட்ரோலும் சேர்ந்தால் வைத்தியரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கருப்பையை மட்டும் எடுத்து சூலகத்தை விட்டிருந்தால் ஹோர்மோன் தொடர்ந்து சுரக்கும், ஆனால் மாதவிடாய் வராததால் அது எப்போது நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. 45 வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது லிப்பிட் எனப்படும் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு சூலகத்தையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரஜன் ஒரே நாளில் விழும். சத்திரசிகிச்சைத் துண்டைத் தேடிப் பாருங்கள், பல பெண்களுக்குத் தங்களுக்கு எது எடுத்தார்கள் என்பதே தெரிவதில்லை.

நிண்ட பிறகுதான் முதல் தடவை பாத்தனான், 205 இருக்கு. இது பரம்பரையோ, வயசுக்கு வந்ததோ?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதவிடாய் நிற்பது கூட்டக்கூடியது 10 முதல் 20 வரை என்று மேலே சொன்னேன். 205இல் 20ஐக் கழித்தாலும் 185. சாதாரணமாக 120 இருந்தவரை வயது மட்டும் 205க்குக் கொண்டுபோகாது. அதே நேரம் 50 வயதுக்குப் பின் 190ஐத் தாண்டும் எல்லோருக்கும் இந்த ஒற்றை மரபணுப் பழுது இருப்பதும் இல்லை. சிறு சிறு மரபுக் காரணங்கள் பல சேர்ந்தும் கூடலாம்.

பிரித்தறிய மூன்று வழி. முதலில் மற்றக் காரணங்களை நீக்க வேண்டும்: தைரொயிட் குறைவு, சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக வருத்தம், பித்த அடைப்பு, சில மருந்துகள். இந்த வயதுப் பெண்களில் தைரொயிட் குறைவு சாதாரணம் என்பதால் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். இரண்டாவது, பழைய துண்டுகள். 30 வயதில் எடுத்த ஒன்று கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் கர்ப்ப காலத்தில் எடுத்தது என்றால் விட்டுவிடுங்கள், அப்போது எல்லோருக்கும் கூடும். மூன்றாவதுதான் மிகச் சிறந்தது, பிள்ளைகளின் இரத்தம். 14 வயது மகனுக்கு 180 என்றால் அதற்கு வயது காரணமாக இருக்க முடியாது.

அப்பா சண்டையில செத்தவர். அவருக்கு வருத்தம் இருந்ததோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

படிவத்தில் “55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த ஆண் உறவினர், 60 வயதுக்கு முன் வந்த பெண் உறவினர்” என்று கேட்பார்கள். வன்னியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத குடும்பங்கள் நிறைய. 38 வயதில் ஷெல் பட்டு இறந்தவருக்கு 48இல் மாரடைப்பு வந்திருக்குமா என்று யார் சொல்வது? இடப்பெயர்வின் நடுவில் நெஞ்சுக்குள் நோகிறது என்று சொல்லி இறந்தவர்களுக்கு வைத்தியர் எழுதிய காரணமும் கிடையாது. அதனால் பெண்கள் படிவத்தில் “இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து “இல்லை” என்று சொல்லாதீர்கள். “அப்பா 38 வயதில் போரில் இறந்தவர், தெரியாது” என்று சொல்லுங்கள். வைத்தியருக்கு இந்த இரண்டும் வேறு வேறு செய்தி.

குடும்பக் கதை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. எல்.டி.எல், உடம்பு அடையாளம், குடும்பக் கதை ஆகியவற்றுக்குப் புள்ளி போடும் டச்சுப் புள்ளி முறையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். எல்.டி.எல் 330க்கு மேல் என்றால், அதில் அந்த எண் மட்டுமே “பெரும்பாலும் இருக்கிறது” என்று சொல்லப் போதும், முழு உறுதிக்கு இன்னும் ஓர் அடையாளமாவது வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால், மேல் தலைமுறை போனாலும் பக்கத்துத் தலைமுறையும் கீழ்த் தலைமுறையும் இருக்கிறது. சகோதரங்கள், பிள்ளைகள். அப்பாவின் உடன்பிறந்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களின் குதிக்காலையும் கண் வளையத்தையும் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படத்தில் அப்பாவின் இமையில் மஞ்சள் திட்டு இருந்ததைக் காட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அதுவும் ஒரு தகவல்தான்.

கிளினிக்கில அட்டையைப் பாத்து “பச்சை, ஆபத்துக் குறைவு” எண்டு சொன்னவை. அப்ப நான் ஏன் குளிசை போடுறது?

வயது, பிரஷர், சீனி, புகைத்தல், மொத்தக் கொலஸ்ட்ரோல் ஆகியவற்றை வைத்து அடுத்த 10 வருடத்துக்கான ஆபத்தை நிறத்தில் காட்டும் அட்டவணை அது. உலக சுகாதார நிறுவனத்தின் முறை. பொது மக்களுக்கு அது நல்ல கருவி. புகைக்காத, பிரஷர் இல்லாத 45 வயதுப் பெண் அதில் கிட்டத்தட்ட எப்போதும் பச்சையில்தான் விழுவார்.

பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ளவருக்கு இந்த அட்டவணையைப் பயன்படுத்தக் கூடாது. பிறந்ததில் இருந்து சுமந்த வருடங்களை அது கணக்கில் எடுப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ரோல் 320 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு நிறம் பார்க்காமல் சிகிச்சை தேவை என்று அந்த முறையின் வழிகாட்டியே சொல்கிறது. உங்கள் எல்.டி.எல் 190க்கு மேல் என்றால் பச்சையைப் பார்த்து வீட்டுக்குப் போகாதீர்கள், மருத்துவ கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

ஆச்சி தேங்காய்ப்பால் ஊத்தின சொதியோட 90 வயசு வரைக்கும் இருந்தவ. தேங்காயை ஏன் குற்றம் சொல்லுகினம்?

ஆச்சிக்கு இந்த மரபணு இல்லாமல் இருந்திருக்கலாம். உங்களுக்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைந்த கொழுப்பு. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது அது எல்.டி.எல்லைக் கூட்டும். ஆனால் தேங்காயை அடியோடு விடச் சொல்லி, பிட்டும் சம்பலும் இல்லாத வீட்டை யாரும் கேட்கவில்லை. சொதிக்கு முதற்பாலை விட்டு கப்பிப்பாலைப் பாவியுங்கள். பொரிப்பதைக் குறையுங்கள். தாளிக்க நல்லெண்ணெய் கொஞ்சம். பேக்கரி ரோல்ஸ், பட்டீஸ், மிக்சர் தேங்காயை விடக் கவலைக்குரியவை.

பருப்பு, பயறு, கௌபி, குரக்கன், கீரை, குளத்து மீன் எல்லாம் நம்மிடம் தாராளம். முட்டையும் இறாலும் பலர் பயப்படும் அளவுக்குக் கெடுதல் இல்லை, மாட்டுக் கொழுப்பும் நெய்யும்தான் கூடக் கெடுதல். உண்மையையும் சொல்ல வேண்டும்: எவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் இந்த வருத்தத்தில் எல்.டி.எல் 10, 15 சதவீதத்துக்கு மேல் இறங்குவது அரிது. 260இல் 15 சதவீதம் போனால் 221. வெந்தயமும் உள்ளியும் சாப்பிடுங்கள், குளிசைக்குப் பதிலாக வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

எவ்வளவுக்கு இறக்கோணும்? ஒரு குளிசை காணாதோ?

இதய வருத்தம் இன்னும் வராதவருக்கு முதலில் இருந்த அளவின் பாதிக்குக் கீழேயும், கூடவே 70க்குக் கீழேயும் கொண்டுவருவது இலக்கு. மாரடைப்பு வந்தவருக்கு, அல்லது சீனி வருத்தம் போன்ற இன்னொரு பெரிய ஆபத்தும் உள்ளவருக்கு 55க்குக் கீழே. அரச கிளினிக்கில் கிடைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம் ஏறத்தாழ பாதியாக இறக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம் மட்டும். அதனால்தான் வைத்தியர் எசெட்டிமைப் என்ற இரண்டாவது குளிசையைச் சேர்ப்பார், அது மேலும் 20 சதவீதம் வரை இறக்கும். ஊசி மருந்துகளும் உண்டு, எல்.டி.எல்லை மேலும் பாதிக்கு மேல் குறைக்கும், விலைதான் மிக அதிகம்.

260இல் தொடங்கிய பெண்ணுக்கு 110 வந்தால் அது தோல்வி இல்லை. பெரிய இறக்கம். இலக்கு எட்டவில்லை என்று மனம் விட்டுக் குளிசையை நிறுத்தியவர்கள்தான் எனக்குக் கவலை.

குளிசையால 125க்கு வந்தது. இப்ப இரண்டு வருசமா நிண்ட பிறகு 150. குளிசை வேலை செய்யுதில்லையோ?

குளிசை வேலை செய்கிறது. கீழே இருந்த தளம்தான் உயர்ந்திருக்கிறது. முதலில் சரி பார்க்க வேண்டியது, உண்மையிலேயே தினமும் போடுகிறீர்களா என்பது. காலபோக அறுவடை நேரம் கிளினிக் நாள் தவறினால் ஒரு மாதக் குளிசை போய்விடும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாதிக் குளிசையாக முறித்துப் போடத் தொடங்கியவர்களில் சிலர் இன்றும் அப்படியே போடுகிறார்கள். அதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள்.

ஒழுங்காகப் போட்டும் 150 என்றால் அளவைக் கூட்டவோ இரண்டாவது குளிசை சேர்க்கவோ நேரம் வந்துவிட்டது. பரிசோதனைக்கு முன் குளிசையை நிறுத்த வேண்டாம். கடும் காய்ச்சல் வந்த கையோடு எடுத்தால் எல்.டி.எல் பொய்யாகக் குறைந்து காட்டும், சில வாரம் கழித்து எடுங்கள்.

குளிசை தொடங்கின நாளில இருந்து உடம்பெல்லாம் உளைவு. நிப்பாட்டட்டோ?

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகைக் குளிசை சிலருக்குத் தசை நோ தரும். வழமையாகத் தொடங்கி அல்லது அளவு கூட்டி சில வாரங்களுக்குள், இரு பக்கத் தொடை, தோள் தசைகளில் வரும். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலமும் மூட்டு நோ, காலை விறைப்பு, தூக்கமின்மை, களைப்பு எல்லாம் தரும். தைரொயிட் குறைவும் தரும், அது கவனிக்கப்படாவிட்டால் ஸ்டாட்டின் தசை நோவையும் கூட்டும். நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்குவதும் தரும். 2020இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், தொல்லை ஸ்டாட்டினால் வந்ததாக நினைத்து நிறுத்தியவர்களுக்கு ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் மருந்தில்லாத வெறும் குளிசை, ஒரு மாதம் ஒன்றும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினோடு வந்த தொல்லையில் ஏறத்தாழ 90 சதவீதம் வெறும் குளிசையோடும் வந்தது. அவர்கள் பட்ட நோ உண்மையான நோ, காரணம்தான் வேறு.

நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். தசை நொதியத்தையும் தைரொயிட்டையும் பார்ப்பார், குறைந்த அளவு அல்லது ரொசுவாஸ்டாட்டின் போன்ற வேறு ஒன்றுக்கு மாற்றுவார். சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்து, கடும் தசை நோவும் இருந்தால் மட்டும் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஹோர்மோன் குறைஞ்சதால கூடினதெண்டா, ஹோர்மோனைத் திருப்பித் தந்தால் சரிதானே?

கேள்வி நியாயமானது. குளிசையாக எடுக்கும் ஈஸ்ட்ரஜன் எல்.டி.எல்லை 10, 15 சதவீதம் இறக்கும், உண்மை. ஆனால் ட்ரைகிளிசரைட்டை ஏற்றும், இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். 2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, ஈஸ்ட்ரஜனையும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனையும் சேர்த்து எடுத்த பெண்களுக்கு இதயப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை, பக்கவாதமும் இரத்தக் கட்டியும் கூடின என்று காட்டியது. அதனால் கொலஸ்ட்ரோலுக்காக ஹோர்மோன் எடுப்பதில்லை. மாரடைப்பு வந்தவருக்கு அது ஏற்றதல்ல.

தாங்க முடியாத வெக்கை, தூக்கமின்மை, 45க்கு முன் நின்றது என்று வேறு காரணம் இருந்தால் அது தனிப் பேச்சு. இதய வருத்தம் இல்லை, ஸ்டாட்டின் ஒழுங்காகப் போகிறது என்றால், குளிசையை விடத் தோலில் ஒட்டும் அல்லது பூசும் வகை பாதுகாப்பானது. மகப்பேற்று நிபுணரும் பொது மருத்துவ நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விடயம் இது.

திடீரெண்டு வேர்த்துக் கொட்டுது. நிக்கிற நேரத்து வெக்கையோ, நெஞ்சு வருத்தமோ?

மாதவிடாய் நிற்கும் காலத்து வெக்கை நெஞ்சிலோ முகத்திலோ சூடாகத் தொடங்கிப் பரவும், ஒன்று முதல் ஐந்து நிமிடத்தில் அடங்கும், உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வரும். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல், தாடை, முதுகு அல்லது இடது கை நோ, ஓங்காளம், தோல் குளிர்ந்த வியர்வை என்று ஏதாவது சேர்ந்தால் அது வெக்கை அல்ல. நடக்கும்போது அல்லது தண்ணீர்க் குடம் தூக்கும்போது வந்து, நின்றால் அடங்குவதும் அப்படித்தான். பெண்களுக்கு நெஞ்சு நோ இல்லாமல் மூச்சும் களைப்புமாக மட்டும் மாரடைப்பு வரலாம்.

“வாய்வு” என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு விடியும் வரை இருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். “எனக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரோல்” என்பதை வந்த உடனேயே சொல்லுங்கள், வயது குறைந்த பெண் என்று யாரும் குறைத்து மதிப்பிடாமல் ஈ.சி.ஜி எடுக்க அது உதவும்.

எனக்கு 46. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருது. குளிசை போட்டுக்கொண்டு பிள்ளை தங்கினால்?

12 மாதம் முழுதாக நிற்கும் வரை பிள்ளை தங்கலாம். தங்கினது தெரிந்தால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். தெரியாமல் சில வாரம் போட்டதற்காகப் பயப்படவோ கருவைக் கலைக்கவோ தேவையில்லை. கருத்தடைக்குச் செப்பு லூப் கொழுப்பைத் தொடாது. கூட்டு ஹோர்மோன் குளிசையும் மூன்று மாத ஊசியும் இந்த வயதில், இந்த வருத்தத்தோடு எல்லோருக்கும் பொருந்தாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்கள் எல்.டி.எல் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

கனடாவில அண்ணாவுக்கு மரபணு சோதனை செய்து உறுதி எண்டு சொல்லியிருக்கினம். எங்களுக்கு அதால என்ன?

பெரிய பயன். அண்ணாவுக்கு இருந்தால் உங்களுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, ஆண் பெண் வேறுபாடு இல்லை. எந்த மரபணுவில் எந்தப் பழுது என்று எழுதிய கடிதத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். மரபணு சோதனை இங்கே செய்யாவிட்டாலும், சாதாரண லிப்பிட் பரிசோதனையே குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். போருக்குப் பிறகு சிதறிய குடும்பங்களில் இந்தச் செய்தி தொலைபேசியில்தான் பயணிக்க வேண்டும். நல்ல நாள் பெருநாளுக்குப் பேசும்போது இதையும் கேளுங்கள்.

நான் சொந்த மச்சானைக் கட்டினனான். பிள்ளையளுக்கு ஏதும் வருமோ?

உங்களுக்கு மட்டும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பழுதான பிரதியும் சேர்ந்து வர. அந்தப் பிள்ளைக்கு எல்.டி.எல் பெரும்பாலும் 400, 500ஐத் தாண்டும், சின்ன வயதிலேயே முழங்கை, முழங்கால், பின்பக்கத் தோலில் மஞ்சள் கட்டிகள் வரும், பத்துப் பதினைந்து வயதில்கூட மாரடைப்பு வரலாம். சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்கள் கணவரின் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கணவருக்கும் கூடுதலாக இருந்தால் பிள்ளைகளைக் காத்திருக்காமல் பாருங்கள்.

ஒருவருக்கு மட்டும் என்றால் பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள் ஒரு தடவை எடுத்தால் போதும். தேவைப்பட்டால் 8 முதல் 10 வயதில் இருந்தே ஸ்டாட்டின் கொடுக்கிறார்கள்.

மகளுக்கும் இருக்கு. கலியாணம் பேசுறம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லோணுமோ?

சொல்வது நல்லது என்பது என் எண்ணம், முடிவு மகளுடையது. மறைத்தால் அவள் குளிசையை ஒளித்துப் போடுவாள், பிறகு போடாமலே விடுவாள். கலியாணம் முடித்த இளம் பெண்கள் கிளினிக்கை விட்டுப் போவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தால் வேலை, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் எதற்கும் இது தடை இல்லை என்பதை வைத்தியரின் வாயாலேயே மாப்பிள்ளை கேட்கட்டும்.

மாப்பிள்ளை சொந்தக்காரர் என்றால் முந்திய பதிலில் சொன்ன காரணத்துக்காக அவருக்கும் ஒரு லிப்பிட் பரிசோதனை வேண்டும். கலியாணம் முடிந்து பிள்ளைக்கு முயற்சிக்கத் தொடங்குவதற்கு முன் மகள் வைத்தியரைப் பார்த்து, ஸ்டாட்டினை எப்போது நிறுத்துவது, பால் கொடுத்து முடிந்து எப்போது திரும்பத் தொடங்குவது என்று திகதியோடு கொப்பியில் எழுதி வாங்க வேண்டும். திரும்பத் தொடங்கும் திகதியை அம்மாவும் குறித்து வையுங்கள்.